இழைமணி டி.என்.ஏ.யில் மெதைல் உண்டா? ஐம்பது ஆண்டு வழக்கு

கொழும்பு 3, குமாரதுங்க முனிதாச மாவத்தையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழினுட்ப நிறுவகம் இயங்குகிறது. வேடர்களின் மரபு அடையாளம் பற்றி 2024இல் வெளிவந்த ஆய்வில், ஹைதராபாத் சிசிஎம்பி நிலையத்தின் குமாரசாமி தங்கராஜோடு இந்த நிறுவகத்தாரும் சேர்ந்திருந்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்னர், 2014இல், லங்கா ரணவீரவும் தாய்லாந்து ஆய்வாளர் சிலரும் வேடர், சிங்களவர், இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர் ஆகியோரின் இழைமணி டி.என்.ஏ.யை ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். இந்த நாட்டில் இழைமணி டி.என்.ஏ. பத்திரிகைக்கு வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்: யார் எங்கிருந்து வந்தார்கள், தாய்வழி எது, யார் யாருக்கு உறவு. அதைச் சுற்றி அரசியலும் வந்து சேர்ந்துவிடும். அது வேறு கதை.

இந்த ஆய்வுகள் எல்லாம் எழுத்துகளின் வரிசையை வாசிப்பவை. மனித இழைமணி டி.என்.ஏ. 16,569 எழுத்து நீளமான ஒரு வட்டம். அதில் 37 பரம்பரையலகுகள். முழு வரிசையையும் 1981இலேயே கேம்பிரிட்ஜில் ஃபிரெட்ரிக் சாங்கரின் ஆய்வுகூடம் வெளியிட்டுவிட்டது. வரிசையில் பிணக்கு ஏதும் இல்லை. பிணக்கு, அந்த எழுத்துகளின் மேல் ஒட்டியிருக்கலாம் என்று சொல்லப்படும் ஒரு சின்ன இரசாயனக் குறியைப் பற்றியது. ஒரு காபன், மூன்று ஐதரசன்: மெதைல் கூட்டம்.

கலக்கருவில் இந்தக் குறி இருப்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். சைற்றோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடங்களை சிபிஜி இடங்கள் என்பார்கள். மனிதக் கலக்கருவில் அப்படிப்பட்ட இடங்களில் 70 முதல் 80 சதவீதம் வரை சைற்றோசினின் மேல் மெதைல் ஏறியிருக்கும். பரம்பரையலகின் வாசலில் அது அடர்த்தியாக ஏறினால் அந்தப் பரம்பரையலகு அடங்கிவிடும். ஈரல் கலமும் நரம்புக் கலமும் ஒரே டி.என்.ஏ.யை வைத்துக்கொண்டு வேறுவேறு வேலை பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இழைமணி வட்டத்திலும் ஏறத்தாழ 435 சிபிஜி இடங்கள் உண்டு. அவற்றிலும் மெதைல் ஏறுகிறதா? ஏறுகிறது என்றால், நீரிழிவு, மூப்பு, வாகனப் புகை எல்லாம் இழைமணியில் எழுதிவைக்கும் குறிப்பை இரத்தத் துளியிலிருந்து வாசித்துவிடலாம். ஏறவில்லை என்றால், அப்படி வாசித்ததாகச் சொல்லும் கட்டுரைகள் வெறும் இரைச்சலை அளந்திருக்கின்றன.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனித இழைமணியில் சிபிஜி மெதைலேற்றம் இல்லை, அல்லது இருந்தும் இல்லாததற்குச் சமம். மற்ற வகை மெதைல்கள் பற்றி எழுதப்பட்டவை இன்னும் நிரூபணம் என்ற நிலைக்கு வரவில்லை. இதை நம்பிக்கையால் சொல்லவில்லை. அளக்கும் கருவிகளின் கதையை வாசித்தால் வேறு முடிவுக்கு வருவது கடினம்.

கதை 1963இல் தொடங்குகிறது. ஸ்டொக்ஹோமில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் இருவரும் கோழிக்குஞ்சின் முளையக் கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, இழைமணிக்குள் இருக்கும் நார்கள் டி.என்.ஏ.தான் என்று காட்டினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1973இல், அதே மார்கிட் நாஸ் எலி, ஹாம்ஸ்டர் கலங்களின் இழைமணி டி.என்.ஏ.யில் மெதைல் இருக்கிறது, கருவிலிருப்பதைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டே இகோர் டேவிட் என்பவர் தவளையிலும் ஹீலா கலங்களிலும் தேடிப்பார்த்துவிட்டு, இல்லை என்றார். மொஸ்கோவில் போரிஸ் வன்யூஷின் மாட்டு இதயத்தில் உண்டு என்றார். 1979இல் ஒல்லாந்தர் இருவர் பல உயிரினங்களில் பார்த்து இல்லை என்றார்கள். 1983இல் மனிதத் தோல்நாருக் கலங்களில் 2 முதல் 5 சதவீதம், 1984இல் எலியில் 3 முதல் 5 சதவீதம் என்று மறுபடியும் 'உண்டு'. வருடங்களை விடுங்கள், இந்தச் சதவீதங்களைக் கவனியுங்கள். 'உண்டு' என்றவர்கள் கண்டதும் எப்போதும் கருவியின் பிழை எல்லைக்கு அருகிலேயே நின்றிருக்கிறது.

அது ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கலத்தின் கருவில் இரண்டு பிரதியுமாகச் சேர்த்து ஏறத்தாழ 640 கோடி எழுத்து. அதே கலத்தில் இழைமணி வட்டம் ஆயிரம் பிரதி இருக்கிறது என்று வைத்தாலும் அது 1.66 கோடி எழுத்துத்தான். இதிலிருந்து 99 சதவீதம் சுத்தமான இழைமணி டி.என்.ஏ. வேண்டுமென்றால், கரு டி.என்.ஏ.யில் ஏறக்குறைய 38,000இல் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சும்வரை கழுவ வேண்டும். அப்படிக் கழுவி மிஞ்சுகிற அந்த ஒரு சதவீதத்திலும் மெதைல் இருக்கிறது. கருவின் சைற்றோசின்களில் நூற்றுக்கு நான்கு மெதைல் ஏறியவை. ஆகவே, 'மிகச் சிறிய அளவில் மெதைல் கண்டோம்' என்று ஒருவர் சொன்னால், அது இழைமணியுடையதா, கழுவும்போது தப்பிய கருவுடையதா என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. எழுபதுகளில் கதிர்வீச்சுக் குறியிட்ட மெதைலை ஊட்டி, டி.என்.ஏ.யைக் கரைத்து, மூலங்களைப் பிரித்து அளந்தவர்கள் எல்லோருக்கும் இந்தத் தலைவலி இருந்தது.

வெட்டு நொதியம் வந்த பிறகு தலைவலி வேறு வடிவம் எடுத்தது. ஒரே நான்கு எழுத்தை வெட்டும் இரண்டு நொதியங்கள் உண்டு. ஒன்று மெதைல் இருந்தால் வெட்டாது. மற்றதுக்கு அந்தக் கவலை இல்லை. முதலாவது வெட்டாமல் விட்ட இடமெல்லாம் மெதைல் என்று கணக்கு. நொதியம் சோம்பிக்கொண்டு 3 சதவீதத்தை வெட்டாமல் விட்டாலும் அதே கணக்குத்தான் வரும்.

பிறகு 1992இல் அவுஸ்திரேலியாவில் மரியான் ஃபிரொம்மர் குழுவினர் பைசல்பைற்று முறையைக் கொண்டுவந்தார்கள். கரு டி.என்.ஏ.யைப் பொறுத்தவரை அது பொற்காலம். இழைமணி விவகாரத்தில் இவ்வளவு குழப்பம் வந்ததற்கும் அதுதான் காரணம். ஆகவே அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

டி.என்.ஏ.யைச் சோடியம் ஐதரொட்சைட்டில் போட்டு இரண்டு இழையையும் பிரிக்கிறார்கள். பிறகு சோடியம் பைசல்பைற்றுக் கரைசலில், வெளிச்சம் படாமல், 50 பாகைக்கு மேல் பல மணி நேரம் வைக்கிறார்கள். மெதைல் இல்லாத சைற்றோசின் யுராசிலாக மாறும். பெருக்கி வாசிக்கும்போது அது தைமின் என்று தெரியும். மெதைல் ஏறிய சைற்றோசின் மாறாமல் நிற்கும். ஆகவே கடைசியில் எங்கெல்லாம் 'சி' மிஞ்சியிருக்கிறதோ, அங்கெல்லாம் மெதைல். நேர்த்தியான முறை. ஆனால் இந்த இரசாயனத்தில் மெதைலை நேரே பார்ப்பது எதுவும் இல்லை. மாறாமல் மிஞ்சியதைப் பார்த்துவிட்டு மெதைல் என்று ஊகிக்கிறோம். மாறாமல் மிஞ்ச வேறு காரணமும் இருக்கலாம்.

இருக்கிறது. பைசல்பைற்று தனி இழையில்தான் வேலை செய்யும். இரட்டை இழையாகச் சேர்ந்திருக்கும் இடத்தைத் தொடாது. கருவின் டி.என்.ஏ. பிரித்தெடுக்கும்போதே துண்டு துண்டாகிவிடும். துண்டுகளின் இழைகள் பிரிந்தால் பிரிந்ததுதான். இழைமணி டி.என்.ஏ.யோ முறுக்கேறிய சின்ன வட்டம். காரத்தில் பிரிந்தாலும் இரண்டு இழையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் வெளியே போக முடியாது. சூழல் கொஞ்சம் தணிந்தவுடன் மீண்டும் சேர்ந்துவிடும். முடிச்சுப் போட்டு நனைத்த துணியில் முடிச்சுக்குள் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்பதுபோல, சேர்ந்துகொண்ட இடத்தில் சைற்றோசின் மாறாமல் நிற்கும். பார்ப்பவர் அதை மெதைல் என்று எழுதிக்கொள்வார்.

இந்தக் கோளாறு 2016இலும் 2017இலும்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2016இல் ஒரு குழு செய்தது எளிமையான காரியம்: மனித இழைமணி வட்டத்தை ஒரே ஒரு இடத்தில் வெட்டும் பாம்-எச்-1 என்ற நொதியத்தால் முதலில் வெட்டி, வட்டத்தை நேராக்கிவிட்டுப் பிறகு பைசல்பைற்றில் போட்டார்கள். முன்பு தெரிந்த 'மெதைலேற்றம்' சரிந்தது. அடுத்த ஆண்டு கோப்பன்ஹேகனில் ரொமேன் பாரேஸ் குழு, தலைப்பிலேயே மெதைல் இல்லை என்று சாடை காட்டும் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. 2018இல் இன்னொரு குழு மேலும் பல பொறிகளைக் காட்டியது. இழைமணியின் இரண்டு இழையில் ஒன்றில் சைற்றோசின் மிக அதிகம், மற்றதில் குறைவு. பைசல்பைற்றுக்குப் பிறகு இரண்டும் ஒரே மாதிரிப் பெருகாது. பெருக்கலைத் தொடக்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான தொடக்கிகளை வடிவமைக்கும் விதத்திலேயே சரியாக மாறாத துண்டுகள் அதிகமாகப் பெருகும்படி ஆகிவிடலாம்.

பைசல்பைற்று வழியாக வேறொரு திருட்டும் நடக்கிறது. பரிணாமத்தின் நெடுங்காலத்தில் இழைமணி டி.என்.ஏ.யின் துண்டுகள் கருவுக்குள் போய்க் குடியேறியிருக்கின்றன. மனிதக் கருவில் அப்படி நூற்றுக்கணக்கான துண்டுகள் உண்டு. வரிசையில் அவை இழைமணியைப் போலவே இருக்கும்; குடியிருப்பது கருவில் என்பதால் அவற்றில் மெதைல் ஏறியிருக்கும். இழைமணியைத் தேடும் தொடக்கிகள் இவற்றையும் பிடித்துக்கொண்டால், மெதைல் கிடைக்கத்தான் செய்யும். இதற்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது: எத்திடியம் புரோமைட்டில் நீண்ட நாள் வளர்த்து இழைமணி டி.என்.ஏ. முழுவதையும் இழக்கச் செய்த 'ரோ பூச்சிய' கலங்கள். அவற்றில் உங்கள் தொடக்கி ஏதாவது பெருக்கிக் கொடுத்தால், அது இழைமணி இல்லை.

இவ்வளவு சந்தேகத்துக்குப் பிறகும் 'உண்டு' கட்சி ஏன் ஓயவில்லை? 2011இல் நடந்தது அதற்கு முக்கிய காரணம். அமெரிக்காவின் வர்ஜினியா கொமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் ஷேர்லி டெய்லர் குழு, கருவில் மெதைலை ஏற்றும் டிஎன்எம்டி1 என்ற நொதியத்தின் ஒரு வடிவம் இழைமணிக்குள் போகிறது என்று காட்டியது. வழமையான தொடக்கத்துக்கு முன்னுள்ள ஓரிடத்திலிருந்து மொழிபெயர்ப்புத் தொடங்கினால், இழைமணிக்கு வழி காட்டும் முன்துண்டொன்று புரதத்தோடு சேர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். இது வெறும் சதவீதக் கணக்கு இல்லை. தொழிற்பாடு உள்ள ஆதாரம். நொதியம் உள்ளே இருந்தால் வேலையில்லாமலா இருக்கும் என்ற வாதம் வலுவாக நின்றது. அதே ஆண்டு, இயக்க நரம்புக் கலங்கள் பற்றிய ஆய்வொன்று வேறொரு மெதைல் நொதியமான டிஎன்எம்டி3ஏயை இழைமணியில் கண்டதாகச் சொன்னது.

நமக்கு மிக அருகில் இந்த விவாதத்துக்குள் நேராக இறங்கிய வேலை புதுடில்லியிலிருந்து வந்தது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ரமேஷ்வர் பாமேசாய் குழு 2017இல் வெளியிட்ட கட்டுரை, டெய்லர் குழு சொன்ன வடிவத்தைவிட்டு, டிஎன்எம்டி1இன் மூன்றாம் வடிவம் இழைமணிக்குள் போய் அங்குள்ள டி.என்.ஏ.யில் மெதைலை ஏற்றுகிறது, அதனால் இழைமணியின் இயக்கமே மாறுகிறது என்றது. ஒரே நொதியம், இரு ஆய்வுகூடங்கள், இரு வேறு வடிவங்கள். இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். நொதியம் உள்ளே போவது உண்மை, எந்த வடிவம் என்பதில்தான் பிணக்கு என்று சொல்லலாம். இழைமணியைப் பிரித்தெடுக்கும்போது கருவின் புரதம் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆளுக்கொரு வடிவம் கண்ணில் படுகிறது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். ஆனால் முதலாவது பொய் என்று சொல்லும் அளவுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நொதியம் உள்ளே இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அது டி.என்.ஏ.யில் என்ன விட்டுச் செல்கிறது என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். ஆள் வீட்டுக்குள் இருந்தார் என்பதும் அவர்தான் சுவரில் எழுதினார் என்பதும் வேறுவேறு.

மூலப்பொருள் கிடைக்காது என்று சொல்லி இந்தக் கட்சியை மடக்க முடியாது. மெதைலைக் கொடுக்கும் எஸ்-அடினோசில் மெதியோனின் என்ற சேர்வையை இழைமணிக்குள் ஏற்றிச் செல்லவே தனிப் புரதம் இருக்கிறது. அதன் பரம்பரையலகு பழுதான குழந்தைகள் பாரதூரமான இழைமணி நோயோடு பிறப்பது 2015இல் விவரிக்கப்பட்டது. உள்ளே அந்த மெதைல் எங்கே போகிறது என்பதும் ஓரளவு தெரியும்: இழைமணியின் ஆர்.என்.ஏ.க்கு. றைபோசோம் ஆர்.என்.ஏ.யில் என்சன்4, இடமாற்று ஆர்.என்.ஏ.யில் என்சன்3 என்ற நொதியங்கள் மெதைல் ஏற்றுவது நன்கு நிறுவப்பட்டது. ஆகவே இழைமணிக்குள் மெதைல் வேலை நடக்கிறதா என்று கேட்டால், நிச்சயமாக நடக்கிறது. டி.என்.ஏ.யில் நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

2013 விசித்திரமான ஆண்டு. கலிபோர்னியாவில் சீ-லின் சீ குழு, குறிப்பிட்ட பகுதிகளையும் முழு வட்டத்தையும் ஆராய்ந்து, மனித இழைமணியில் சிபிஜி மெதைலேற்றம் இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டோம் என்று எழுதியது. அதே ஆண்டு இத்தாலியின் கலாப்ரியாப் பல்கலைக்கழகக் குழு, டி-வளையம் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியில் மெதைல் உண்டு, அதுவும் பெரும்பாலும் சிபிஜி அல்லாத இடங்களில் என்று எழுதியது. இரண்டையும் ஒரே நாளில் வாசிப்பவருக்குத் தலை சுற்றும்.

இத்தாலியக் கட்டுரையில் ஒரு விவரம் எனக்கு முக்கியமாகப்படுகிறது. மெதைல் ஏற்றும் மூன்று நொதியங்களும் நீக்கப்பட்ட எலிக் கலங்களில் சிபிஜி மெதைல் குறைந்தது; சிபிஜி அல்லாத மெதைல் அப்படியே இருந்தது. எழுதியவர்கள் இதை, வேறொரு நொதியம் இருக்கலாம் என்பதற்குச் சாடையாக எடுத்தார்கள். எனக்கு இது மறுபக்கம் பேசுகிறது. ஏற்றுபவர்கள் மூவரையும் அப்புறப்படுத்திய பிறகும் குறி அசையாமல் நிற்கிறது என்றால், அது யாரும் ஏற்றாத குறியாக, அதாவது பைசல்பைற்று மாற்றாமல் விட்ட சைற்றோசினாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முறுக்கு வட்டத்தில் மாறாமல் நிற்கும் இடங்களுக்கு, அடுத்த எழுத்து குவானினா என்ற கவலை கிடையாது. பரவலான, சிபிஜி பார்க்காத 'மெதைலேற்றம்' என்பதே மாற்றம் முழுமையாகவில்லை என்பதன் அடையாளம்.

2019இல் லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தில் ஸ்தென்கோ ஹெர்செக் குழு, மனித இழைமணி சிபிஜி அல்லாத இடங்களில் விரிவாக மெதைலேறியிருக்கிறது என்று எழுதியபோதும் இந்த ஐயம் எனக்குப் போகவில்லை. அதே ஆண்டு ஷங்காயில் ஒரு குழு, மெதைல் ஒரு இழையில் மட்டும் கூடுதலாக இருக்கிறது, மற்ற இழையைப் பார்த்தவர்கள் இல்லை என்றுவிட்டார்கள், பழைய முரண்பாடுகளுக்கெல்லாம் இதுவே விடை என்றது. கெட்டிக்காரத்தனமான சமரசம். ஆனால் இரு இழையும் பைசல்பைற்றில் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பது முன்பே காட்டப்பட்டது. சமரசத்துக்கு ஆதாரமாக வைத்த வேறுபாடே சந்தேகத்துக்கும் ஆதாரம்.

பைசல்பைற்றை விட்டு வெளியே வந்தால்தான் இந்தச் சிக்கல் அவிழும். 2021இல் அது நடந்தது. நானோதுளை வரிசைப்படுத்தலில் டி.என்.ஏ.யைப் பெருக்குவதும் இல்லை, இரசாயனத்தில் ஊறவைப்பதும் இல்லை. ஒரு மூலக்கூறு அப்படியே நுண்துளை வழியாகப் போகிறது. ஒவ்வொரு எழுத்தும் மின்னோட்டத்தைச் சற்று மாற்றுகிறது. மெதைல் ஏறிய சைற்றோசின் வேறு விதமாக மாற்றுகிறது. கேம்பிரிட்ஜில் பற்றிக் சின்னெரி குழு மனிதக் கலங்களிலும் இழையங்களிலும் இதைச் செய்தது. அவர்கள் இரண்டு எல்லைக் கற்களை நட்டார்கள். ஒன்று, பி.சி.ஆரில் பெருக்கி, மெதைல் இருக்கவே முடியாதபடி செய்த இழைமணி டி.என்.ஏ. மற்றது, நொதியம் கொண்டு வேண்டுமென்றே எல்லா சிபிஜியிலும் மெதைல் ஏற்றியது. உண்மையான மாதிரிகள் எல்லாம் முதல் கல்லோடு போய் நின்றன. சிபிஜி மெதைலுக்கு ஆதாரம் இல்லை. கூடவே, எல்லைக் கல் இல்லாமல் மென்பொருளை மட்டும் நம்பினால், இந்தப் புதிய முறையிலும் பொய்யான 'உண்டு' கிடைக்கும் என்பதும் தெரிந்தது. அதே ஆண்டு லியோனிலிருந்து வந்த நானோதுளை ஆய்வொன்றும், குறைந்த அளவில் ஏதோ தெரிந்தாலும் அது உயிரியல் நிலைமைகளோடு பெரிதாக ஏறி இறங்குவதில்லை என்றது. ஏறி இறங்காத குறி எதையும் கட்டுப்படுத்தப்போவதில்லை.

பரிணாமத்திலிருந்து வரும் வாதம் ஒன்றும் உண்டு. விலங்குகளின் இழைமணியில் சிபிஜி எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருப்பது 1994இல் காட்டப்பட்டது. மெதைலேறிய சைற்றோசின் காலப்போக்கில் தைமினாகிவிடும் என்பதால், கருவில் சிபிஜி அருகியதற்கு மெதைல்தான் காரணம். அப்படியானால் இழைமணியிலும் ஒரு காலத்தில் மெதைல் இருந்திருக்க வேண்டுமே என்று சிலர் சொல்வார்கள். இழைமணியின் ஒரு இழை பிரதியெடுக்கும்போது நெடுநேரம் தனியாகக் கிடப்பதால், அதில் மெதைல் இல்லாமலேயே எழுத்து மாற்றங்கள் பக்கச்சார்பாக நடக்கும் என்பதால் இந்த வாதத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை.

அடினின் மேல் ஏறும் மெதைல் தனி அத்தியாயம். இழைமணியின் மூதாதையரான அல்பா புரொட்டியோ பற்றீரியாக்களில் அடினின் மெதைல் சாதாரணம். அதனால் இழைமணியில் இருந்தாலும் ஆச்சரியமில்லை என்று தோன்றும். 2020இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் சுவான் ஹீ குழு, மெட்டில்4 என்ற நொதியம் இழைமணி டி.என்.ஏ.யில் அடினினுக்கு மெதைல் ஏற்றுகிறது, கருவோடு ஒப்பிட்டால் அங்கே அது மிக அதிகம், அது ஏறினால் இழைமணியின் டி.என்.ஏ.யைப் பொதிந்துவைக்கும் டிஃபாம் புரதம் சரியாக ஒட்டாது என்று விரிவாகக் காட்டியது. நொதியம், இலக்கு, விளைவு மூன்றும் சேர்ந்து வந்த கட்டுரை என்பதால் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அதே ஆண்டு வேறொரு ஆய்வு, முலையூட்டிகளில் அடினின் மெதைலுக்கு ஆதாரமே இல்லை என்றது. 2022இல் நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் காங் ஃபாங் குழு, பழ ஈயிலும் அரபிடொப்சிஸ் செடியிலும் அடினின் மெதைல் என்று எண்ணியதில் பெரும்பங்கு கூட வந்த பற்றீரியாவுடையது என்று கணக்குப் போட்டுக் காட்டியது. ஆய்வுகூடத்தில் பாவிக்கும் நொதியங்களே பெரும்பாலும் ஈ-கோலையில் தயாராகின்றன. அந்தப் பற்றீரியாவின் டி.என்.ஏ. துணுக்கும் சேர்ந்து வரும். அடினின் மெதைல் விஷயத்தில் நான் இன்னும் கதவைச் சாத்தவில்லை. சைற்றோசினில் அதைச் சாத்திவிட்டேன்.

இதெல்லாம் யாருக்கு முக்கியம்? கொழும்பில் கேட்டால் பதில் கிட்டத்தில் இருக்கிறது. பிரசாத் கட்டுலந்தவின் தலைமையில் 2005–2006இல் இலங்கையில் நடந்த ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு பழுதாக்கும் உறுப்புகளில் விழித்திரை ஒன்று. அமெரிக்காவின் டெட்ரொய்ற் நகரில் ரேணு கௌலூரு குழு 2015 முதல் எழுதிவருவது இதைத்தான்: நீரிழிவு விழித்திரையில் டி-வளையத்தின் மெதைல் கூடுகிறது, அதனால் இழைமணி தளர்கிறது, சீனியைக் கட்டுப்படுத்திய பிறகும் பாதிப்புத் தொடர்வதற்கு இது காரணமாகலாம். மருத்துவருக்கும் நோயாளிக்கும் இது நம்பிக்கை தரும் கதை. மெதைலைத் தடுக்கும் மருந்து என்ற எண்ணமும் உடனே வந்துவிடும். 2013இல் இன்னொரு குழு, உருக்காலைத் தொழிலாளர், லொறிச் சாரதிகள், பெற்றோல் நிலைய ஊழியர் ஆகியோரின் இரத்தத்தில் இழைமணி மெதைலை அளந்து, புகைக்கும் அதற்கும் தொடர்பு சொன்னது. நாளைக்கு யாராவது காலி வீதி முச்சக்கர வண்டிச் சாரதிகளிடம் இரத்தம் எடுத்து இதையே அளக்கப் புறப்பட்டால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எல்லாம் பைசல்பைற்றின் பிழை என்றால், அந்தப் பிழை நோயாளிக்கும் ஆரோக்கியமானவருக்கும் ஒரே மாதிரி வர வேண்டுமே. வேறுபாடு எப்படித் தெரிகிறது? தெரியலாம். நோய் வந்த இழையத்தில் இழைமணி டி.என்.ஏ.யின் பிரதிகள் குறைந்தால், கருவில் குடியேறிய துண்டுகளின் பங்கு கூடும், 'மெதைலேற்றம்' ஏறும். வட்டங்களில் உடைவு கூடினால் முறுக்குத் தளர்ந்து பைசல்பைற்று நன்றாக வேலை செய்யும், 'மெதைலேற்றம்' இறங்கும். வட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நோய் மாற்றும். அந்த மாற்றம் மெதைல் என்ற வேடத்தில் இலக்கமாக வெளியே வரும். ஆகவே அந்தக் கட்டுரைகளில் தெரியும் வேறுபாடு போலியாக இருக்க வேண்டியதில்லை. அது உண்மையான ஏதோவொன்றாகவே இருக்கலாம், பெயர்தான் தவறு. இரண்டு கட்சியும் ஒரே தரவை வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டாகச் சண்டையிட முடிந்ததற்கு இது ஒரு விளக்கம் என்று நினைக்கிறேன்.

பணம் குறைந்த ஆய்வுகூடத்துக்கு இதில் ஆபத்து அதிகம். நானோதுளை வசதியோ திணிவு நிறமாலைமானியோ இல்லாத இடத்தில் டி-வளையத்தின் சில இடங்களை மட்டும் பைசல்பைற்றும் பைரோ வரிசைப்படுத்தலும் செய்து பார்ப்பது மலிவு. தோற்றாலும் இலக்கம் வரும் வகைச் சோதனை அது. மாற்றம் 97 சதவீதம் நடந்தால் மிச்ச 3 சதவீதம் மெதைல் என்று அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துவிடும். பட்டப்பின்படிப்பு மாணவருக்கு ஆய்வேடு முடிய வேண்டும். ஆய்விதழுக்கும் புதுமை வேண்டும். தடுப்பதற்கான வேலை பெரிய செலவில்லை. பாம்-எச்-1 எந்த மூலக்கூற்று உயிரியல் கூடத்தின் உறைபெட்டியிலும் இருக்கும். அதில் முதலில் வெட்டுங்கள். அதே ஆளின் இழைமணியைப் பி.சி.ஆரில் பெருக்கி, மெதைலில்லாத அந்தப் பிரதியை நோயாளியின் மாதிரிக்குப் பக்கத்துக் கிணற்றில் வைத்து ஒரே தட்டில் ஓட்டுங்கள். இரண்டு இழையையும் தனித்தனியே அறிக்கையிடுங்கள். பெருக்கிய பிரதியில் 3 சதவீதம் தெரிந்தால், நோயாளியின் 4 சதவீதத்தைப் பற்றி யாரும் கட்டுரை எழுதமாட்டார்கள். 'உண்டு' என்று வந்த கட்டுரைகளில் இந்தப் பக்கத்துக் கிணறு இல்லாதவற்றை நான் ஆதாரமாக எண்ணுவதை விட்டுவிட்டேன்.

என் தீர்ப்பை மாற்ற என்ன வேண்டும் என்று கேட்டால், அதையும் சொல்ல முடியும். ஒரு குறிப்பிட்ட சைற்றோசினில், பாதிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளில், நானோதுளையும் பைசல்பைற்றும் ஒரே விடை சொல்ல வேண்டும். பெயர் சொல்லக்கூடிய நொதியம் ஒன்றை நீக்கினால் அந்தக் குறி முற்றாகப் போக வேண்டும். அதே நொதியத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதே இடத்துக்கு வர வேண்டும். நொதியத்தின் வேலைசெய்யும் பகுதியை மட்டும் பழுதாக்கிய வடிவத்தைக் கொடுத்தால் வரக் கூடாது. இந்த நான்கும் ஒரே கையில் சேர்ந்த கட்டுரை எதையும் நான் இதுவரை வாசிக்கவில்லை.